திருஷ்டிக்காரர் மேல் ஏழு அம்புகள்

“பனியன்ல ஓட்டை பாக்கற புள்ளைக்குப் படத்தைப் பத்தி என்னங்க தெரியும்?”

எங்கள் கம்பெனி டிசைன் செக்‌ஷன் குமரேசன் இப்படிக் கேட்டபோது நான் அவருக்கு எதிரேதான் நின்றிருந்தேன். கேள்வி என்னைப் பற்றியது, கேட்டது முதலாளியிடம். ‘ங்க’ போட்டுத்தான் கேட்டார். திருப்பூரில் ஒருவரை மட்டம் தட்டுவதென்றாலும் மரியாதை குறையாமல்தான் தட்டுவோம்.

எனக்கு வயது முப்பது. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ‘ரிலீவ் ஆனேன் என்று சொல்லு’ என்கிறார்கள். பன்னிரண்டு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவளுக்கு ‘ஓய்வு’ என்ற சொல்லின் மேல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இப்போது பிரிண்ட் செக்கிங்குக்குக் கேமரா வைத்த மெஷின் வந்துவிட்டது. குறை இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், “அக்கா, நீங்கெல்லாம் வெறுங்கண்ணுல எப்படிப் பாத்தீங்க?” என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் பெரிய கதையில் என் வெறுங்கண் தப்பாகப் பார்த்தது.

என் அப்பா பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மெஷினில் பனியன் தைப்பவர். அம்மா கைமடி, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கிற வேலை. இருவரும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மார்க் ஷீட் வாங்கியவள் நான். அதைக் கொஞ்சம் அதிகமாகவே காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா சொல்லுவாள். பிளஸ் டூ முடித்து செக்கிங்கில் சேர்ந்தேன். மூன்று மாதம் நூல் வெட்டினேன். அப்புறம் ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை. அப்புறம் பிரிண்ட். தபாலில் பி.காம். படித்து முடித்தபோது பிரிண்ட் தரத்துக்கு நானே பொறுப்பாளர். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் தங்கவேல் சார். அவர் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. டி-சர்ட்டையும் கூட. மேசை மேல் ஒன்றை விரித்துப் போட்டு, “இவங்களுக்குக் கழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்குதுங்க” என்பார். அடுத்ததை எடுத்து, “இவரு பரவால்லீங்க. கையை மட்டும் பிரிச்சுத் தெச்சுருங்க” என்பார். படுமோசமாக ஒன்று வந்தால் அதை இரண்டு கையாலும் தூக்கி, அதன் முகத்தைப் பார்த்து (டி-சர்ட்டுக்கு முகம் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்), “நீங்க வந்திருக்கவே வேண்டாமுங்க” என்று சொல்லி ரிஜக்ட் கூடையில் மெதுவாக இறக்கிவைப்பார். நாங்கள் எழுதிய ரிப்போர்ட் பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிங் வேஸ்ட் துணியில் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் சின்னத் தப்பு. மூன்று தடவை என்றால் ரிப்போர்ட்டைத் திரும்ப எழுத வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது என்று காட்ட எங்களிடம் ஆரோ ஸ்டிக்கர் இருக்கும். சின்னதாக, சிவப்பாக, அம்பு வடிவத்தில். கறைக்கு ஒன்று, ஓட்டைக்கு ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போவோம். சில வருடத்தில் கை பழகிவிடும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் தையல் விட்டிருந்தால் என் விரல் தானாக ஸ்டிக்கர் தேடும்.

இனி படத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனி நுழைவாசலில், செக்யூரிட்டி அறைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஆள் இருந்தார். உச்சி மண்டை மழித்து, பின்னால் கொண்டை. சாம்பல் நிற அங்கி. வாயின் இரு ஓரமும் கீழே இறங்கி, இரண்டு கண்ணும் மூக்கைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் தொங்கியதால் அவரும் திருஷ்டிக்குத்தான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தோம். பெயரே திருஷ்டிக்காரர். ஆயுத பூஜைக்கு எல்லாப் படத்துக்கும் போல அவருக்கும் கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம், சரம். “இவரு வந்தப்பறம் கம்பெனிக்கு ஒரு கண்ணும் படலீங்க” என்று செக்யூரிட்டி அண்ணன் சொல்லுவார்.

ஒரு நாள் ஜப்பானிலிருந்து மெயில் வந்தது. எங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்த பெரியவர் அனுப்பியது. தான் ஓய்வு பெறப் போவதாகவும், அதற்கு முன் ஒருமுறை எங்கள் கம்பெனிக்கு வருவதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி: ‘நான் கொடுத்த படம் நலமாக இருக்கிறதா? அவரைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.’

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. அந்தப் படம் முதல் ஷிப்மென்ட் போனபோது பெரியவர் தன் கையால் கொடுத்த பரிசு. பழைய காலத்து மரக்கட்டை அச்சு என்று அப்போது அவர் சொன்னதாக முதலாளிக்கு ஞாபகம். இருபது வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி பெரிதாகி, கட்டடம் மாறி, வர்ணம் அடித்து, படம் எப்படியோ வாசலுக்குப் போய்விட்டது. அவர் காரில் போகும்போது தலை தூக்கிப் பார்த்ததில்லை.

“நாலு நாள்ல வர்றாருங்க. படம் உண்மையானதா, காலண்டர்ல வர்ற மாதிரி காப்பியான்னு மொதல்ல தெரியணும். காப்பின்னா நான் என்ன சொல்லிச் சமாளிக்கறதுன்னு யோசிக்கணுமுங்க” என்றார் முதலாளி. அப்போதுதான் நான் முன்வந்தேன். அப்போதுதான் குமரேசன் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் ஓவிய டிப்ளமா படித்தவர்.

“பிரிண்ட்டுன்னா பிரிண்ட்டுதானுங்க” என்றேன் நான். “துணியில இருந்தா என்ன, காயிதத்துல இருந்தா என்ன?”

சட்டத்தைப் பிரித்தேன். பின்னால் வைத்திருந்த அட்டை பழுப்பேறி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரு வெள்ளிப் பூச்சி ஓடியது. படத்தின் அடி ஓரத்தில் ஆயுத பூஜைக் குங்குமம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. படத்தை வெளியே எடுத்துச் செக்கிங் மேசையில், வெள்ளை விளக்கின் கீழ் வைத்தேன். பத்து அங்குல அகலம், பதினைந்து அங்குல உயரம் இருக்கும். துணி இழை எண்ணும் லென்ஸை எடுத்து, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், முறைப்படி பார்த்தேன்.

முறைப்படி பார்த்ததுதான் வினை.

நீல நிறம் கைப் பகுதியில் கோட்டைத் தாண்டியிருந்தது. ஒட்டினேன் ஒரு அம்பு. தலைமுடியின் கறுப்பு நிரம்பப் பதியாமல் மெல்லிய கோடு கோடாகத் தெரிந்தது. இரண்டாவது அம்பு. பின்புல நிறம் மேலே அடர்த்தி, கீழே வரவர வெளிறல், ஷேடு சரியில்லை. மூன்று. காலரில் மையே இல்லை, வெறும் பள்ளம் மட்டும் பூ மாதிரி அழுந்தியிருந்தது, பிரிண்ட் விடுபட்டது. நாலு. கண் இரண்டும் நேராக இல்லை, அலைன்மென்ட் தப்பு. ஐந்தாவது அம்பைப் புருவத்துக்கு மேலே, கண்ணைக் குறி வைத்து ஒட்டினேன். திருப்பிப் பார்த்தால் மை முதுகுப் பக்கம் ஊறியிருந்தது. ஆறு. அங்கேயே வட்ட வட்டமாகத் தேய்த்த அடையாளம். ஏழு.

கடைசி இரண்டையும் கட்டை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினேன். குமரேசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட் எழுதி தங்கவேல் சாரிடம் கொடுத்தேன். ஏழு குறை. முடிவு: ரிஜக்ட். தரமான பழைய அச்சாக இருக்க வாய்ப்பில்லை. அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார். மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை துடைத்துவிட்டு, “எழுதுனது எல்லாமே சரிங்க பூங்கொடி. ஆனா இவரு பனியன் இல்லீங்களே” என்றார். திரும்ப எழுதச் சொல்லுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நேராக முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலாளி ரிப்போர்ட்டை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். “அப்ப அந்த மனுசன் எனக்கு ஒரு ரிஜக்ட் பீஸைத்தான் குடுத்திருக்காரா அம்மிணி?” என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சரியாகக் கண்டுபிடித்த பெருமையும் இருந்தது.

குமரேசனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “கவலைய உடுங்க. ஸ்கேன் பண்ணி இதைவிட நல்லா நாமளே அடிச்சுக் குடுத்தர்லாமுங்க. அந்த ஏழு குறையும் இல்லாம!” ஸ்கேனில் விழுந்த அம்புகளைக் கம்ப்யூட்டரில் அழித்து, சாயங்காலத்துக்குள் ஒரு டி-சர்ட்டில் அடித்துக் காட்டினார். கோடு தாண்டவில்லை. நிறம் நிரம்பியிருந்தது. கண் இரண்டும் நேராக இருந்தன. திருஷ்டிக்காரர் பெண் வீட்டாருக்கு அனுப்புகிற மாப்பிள்ளை போட்டோ மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. குறை இல்லாத இந்த ஆளைப் பார்த்தால் ஒரு பூனை கூடப் பயப்படாது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மொபைலை எடுத்தேன். வெளிநாட்டு மியூசியங்கள் தங்களிடமிருக்கும் படங்களை நெட்டில் போட்டிருக்கின்றன. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பக்கத்திலேயே எங்கள் ஆளைப் போல நாலு பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாடக நடிகர்கள். காட்சியின் உச்சத்தில் அசையாமல் நின்று கண்ணை மூக்குப் பக்கம் திருப்புவது அவர்கள் வித்தை. அதைப் பார்க்கத்தான் ஜனம் வருமாம். நான் அதற்குத்தான் அம்பு விட்டிருந்தேன்.

எங்கள் மண்ணரை ஸ்டாப்பில் இறங்க மறந்து மேலும் படித்தேன். கறுப்பில் தெரிந்த கோடு மரப்பலகையின் ரேகை. மேலே அடர்ந்து கீழே வெளிறுவது, பலகையில் மையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வேண்டுமென்றே கொண்டுவரும் வேலைப்பாடு. காலரில் மையில்லாத பள்ளம், வெறும் பலகையை அழுத்திப் பூ எழுப்பும் முறை. மை முதுகில் ஊறுவது, நீரில் கரைத்த மையைப் பட்டைக் காகிதம் உறிஞ்சுவதால். முசுக்கொட்டை இனத்துச் செடியின் பட்டையில் செய்த காகிதம் அது. நம் உடுமலைப் பக்கம் முசுக்கொட்டை இலையைத்தான் பட்டுப்புழுவுக்குப் போடுகிறார்கள். முதுகில் இருந்த வட்டத் தேய்ப்பு, கையால் அழுத்தித் தேய்த்து அச்செடுத்ததன் சாட்சி. மெஷின் காப்பி என்றால் லென்ஸில் நாலு நிறப் புள்ளிகள் தெரியும். டி-சர்ட்டில் தொங்கவிடும் அட்டையில் அந்தப் புள்ளிகளைத் தினமும் பார்க்கிறவள் நான். திருஷ்டிக்காரரிடம் ஒரு புள்ளி கூட இல்லை. அது என் கண்ணில் பட்டது. குறை இல்லை என்பதால் எழுதவில்லை.

ஆக, கோடு தாண்டிய நீலத்தைத் தவிர, நான் எதற்கெல்லாம் அம்பு விட்டேனோ அதெல்லாம்தான் அவர் உண்மையானவர் என்பதற்குச் சான்று. படம் அசல். அசல் மேல் ஏழு ஸ்டிக்கர்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பே ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் அயர்ன் மாஸ்டர் சுடலை அண்ணாச்சி நின்றிருந்தார். திருநெல்வேலிக்காரர். படத்தின் சுருக்கத்தைப் பார்த்து அவருக்குக் கை ஊறிக்கொண்டிருந்தது. “இங்க கொண்டா தாயி. ஒரு இழுப்பு ஸ்டீம் விட்டா காயிதம் மொடமொடன்னு நிக்கும்லா. ஸ்டிக்கரும் தானா கழண்டுட்டுப் போவும்.”

“அண்ணாச்சி, தண்ணில கரையற மைங்க அது!”

“அப்ப டிரையா போடுதேன்.”

குங்குமக் கறைக்காக, கெமிக்கல் பீச்சிக் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைக் கொண்டுவர ஒருவர் கிளம்பினார். லேமினேஷன் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று குமரேசன் சொன்னார். நான் படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். சேலை விற்பவர் மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

சென்னையில் ஒரு மியூசியத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் பிரிவு இருப்பதாக நெட்டில் பார்த்திருந்தேன். போன் போட்டேன். எடுத்த மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தனை ஸ்டிக்கர்?”

“ஏழுங்க மேடம்.”

“எதுக்கு ஒட்டினீங்க?”

“குறையைக் காட்டறதுக்குங்க.”

போனில் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று இப்போது தெரியும். “ஒட்டி எவ்வளவு நேரமாச்சு?”

“இருபது மணி நேரமுங்க.”

“நல்லவேளை. ஸ்டிக்கர் பின்னால கம்மியான பசைதானே? வீடியோ கால்ல வாங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்.”

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தினேன். மேசையில் துவைத்த வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் படத்தை வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினோம். நூல் பிடுங்கும் இடுக்கியால் ஸ்டிக்கரின் கூர்முனையை மட்டும் எழுப்பி, மேல்நோக்கி இழுக்காமல், அதன் முதுகின் மேலேயே அதை மடக்கி, காகிதத்தோடு காகிதமாகப் படுத்த வாக்கில் நகர்த்த வேண்டும். இடது கை விரல் பக்கத்துக் காகிதத்தை மெல்ல அழுத்தியிருக்க வேண்டும். நத்தை நகரும் வேகம் கூடக் கிடையாது. ஒரு ஸ்டிக்கருக்குப் பத்து நிமிடம். செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் மூச்சுப் பிடித்து நின்றது. சுடலை அண்ணாச்சிக்குத் தும்மல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு மாடியிறங்கி ரோட்டுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

முன்பக்கத்தில் ஐந்தும் வந்துவிட்டன. கண்ணுக்கு மேலிருந்தது வரும்போது தங்கவேல் சார் படத்தைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்றார். திருப்பினோம். ஆறாவதன் முனையை எழுப்பியபோது காகிதத்தின் நார் இரண்டு சேர்ந்து எழுந்தது. “நிறுத்துங்க!” என்றது போன். நிறுத்தினேன். கட்டை விரலால் பெருமையோடு அழுத்திய இரண்டும் வரவில்லை.

“அப்படியே விடுங்க. உங்க கை நிறுத்தத் தெரிஞ்ச கை” என்றார் மேடம். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் அதிகம் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் அன்று பார்த்தோம். சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த ஓரத்தில் மட்டும் அங்கி நல்ல ஊதா நிறம். மற்ற இடமெல்லாம் சாம்பல். துணியின் சாயம் வெயிலுக்கு நிற்குமா என்று பார்க்கப் பாதியை மூடி வெளிச்சத்தில் வைப்போம். அதே டெஸ்ட்டை வாசல் வெயிலில் வருடக்கணக்காகச் செய்திருக்கிறோம். ஸ்டிக்கரை எடுக்கலாம், போன ஊதா வராது.

பெரியவர் வந்தார். மெலிந்த, குனிந்த உருவம். முதலாளி என்னைப் பார்த்தார். ‘முதுகைக் காட்ட வேண்டாம்’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். படம் மேசையில் மல்லாந்து கிடந்தது. முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் என்னுடையது. தப்பான ரிப்போர்ட்டை மறைக்கிற செக்கரைக் கூடையில் எப்படி இறக்கிவைப்பார் தங்கவேல் சார் என்று யோசித்துப் பார்த்தேன். எதிரெதிர் மூலையைப் பிடித்துப் படத்தைத் திருப்பினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன்: வெயில், குங்குமம், ஏழு அம்பு, மிச்சம் இரண்டு.

பெரியவர் இரண்டு அம்பையும் பார்த்தார். என் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று முதலாளி தண்ணீர் எடுக்க ஓடினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த அம்பு ஸ்டிக்கரை எங்கள் கம்பெனிக்கு முதலில் கொண்டுவந்தவரே அவர்தானாம். “நான் உங்கள் சட்டைகள் மேல் விட்டதற்கெல்லாம் இன்று திரும்ப வந்துவிட்டது” என்றார். மாணவனாக இருந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கிய படமாம். பிறகு சேர்ந்த முதல் வேலையில் மேலதிகாரி இதே மாதிரி முறைப்பார் என்பதால் பத்திரமாக வைத்திருந்தாராம். அப்புறம் என் ரிப்போர்ட்டின் முதல் வரியில் விரல் வைத்தார். கோட்டைத் தாண்டிய நீலம். “இது மட்டும் குறைதான். பலகை தேய்ந்த பிறகு அவசரமாக எடுத்த அச்சு. ஏழில் ஒன்று சரி.”

குமரேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கேட்டார்: “அப்ப இவரு ரிஜக்ட் இல்லீங்களே?”

தங்கவேல் சார் என் ரிப்போர்ட்டை வாங்கி, ரிஜக்ட்டை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எழுதினார்: ‘இருக்கட்டுமுங்க.’

அடுத்த வாரம் படத்தை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, மடியில் படுக்கப்போட்டு ரயிலில் சென்னைக்கு நானே கொண்டுபோனேன். மேடம் மிச்சமிருந்த இரண்டையும் எடுத்தார். அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி வைத்தார். மேல் ஓரத்தில் மட்டும், கோதுமைப் பசை தடவிய இரண்டு மெல்லிய காகிதத் துண்டில் படம் தொங்குகிறது. வருடத்தில் மூன்று மாதம் முதலாளி அறையில், வெயில் படாத சுவரில் இருப்பார். மற்ற மாதங்களில் பெட்டிக்குள் படுத்திருப்பார். ஆயுத பூஜைச் சந்தனம் பெட்டி மூடிக்கு மட்டும். வாசலில் குமரேசன் அடித்த நேர்ப்பார்வை ஆள் தொங்குகிறார். அவருக்கு உதவியாக இன்னொரு பூசணிக்காயும் கட்டியிருக்கிறார்கள்.

மேடம் ஸ்டிக்கர் எடுத்தபோது பஞ்சில் ஏதோ ஒரு திரவத்தைத் தொட்டார். “இது பசையைக் கரைக்கும், மையைக் கரைக்காது. ஏன்னு சொல்லுங்க பார்க்கலாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பி.காமில் அதெல்லாம் வராது. என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, “கை இருக்கு. கெமிஸ்ட்ரி கொண்டுவாங்க” என்றார்.

போன மாதம் வேலையை விட்டேன். போன திங்கட்கிழமை சாயங்காலம் மண்ணரையில் பதினொன்றாம் வகுப்புக் கெமிஸ்ட்ரி டியூஷனில் சேர்ந்தேன். புது நோட்டுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி எடுத்துப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து, “குட் ஈவ்னிங் மிஸ்” என்றது.

“உக்காருங்க கண்ணுகளா” என்று சொல்லிவிட்டு, முதல் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி இடம் பிடித்தேன்.